தாச்சிகாவா விமான தளம்

ஜப்பான் நாட்டின் தலைநகராகிய டோக்கியோவுக்கு மேற்கே தாச்சிகாவா என்னும் நகரம் உள்ளது. அந்நகரை அடுத்த சமவெளியில் 1922ஆம் ஆண்டில் ஜப்பானியத் தரைப்படையினர் ஒரு விமான தளத்தை அமைத்தனர். படை விமானங்களேயன்றிப் பயணிகள் விமானங்களும் அங்கு வந்திறங்கின. 1931இல் ஹானெடா விமான நிலையம் திறக்கப்படும் வரையில், தலைநகரின் வான்வாயிலாக விளங்கியது இத்தளமே. பின்னர் அது முற்றிலும் படைக்குரியதாயிற்று. அதனைச் சுற்றி விமானத் தொழிற்சாலைகள் பெருகின.

1945இல் ஜப்பான் போரில் தோற்றுச் சரணடைந்தது. தளமும் அமெரிக்கப் படையினர் வசமாயிற்று. 1950 முதல் 1953 வரை நடைபெற்ற கொரியப் போரின்போது, போர்க்களத்துக்கு வேண்டிய பொருள்கள் இங்கிருந்தே சென்றன. பளு மிகுந்த பெரிய விமானங்களுக்கு ஓடுபாதையின் நீளம் போதவில்லை. எனவே, அதனை வடக்கு நோக்கி நீட்ட 1955இல் திட்டமிட்டனர்.

வடக்கே இருந்தது சுனகாவா என்னும் உழவர் ஊர். பட்டுப்புழுவுக்கு உணவாகும் முசுக்கொட்டையை வளர்த்தும், பிற பயிர்களை விளைவித்தும் மக்கள் அங்கு வாழ்ந்து வந்தனர். அவர்தம் வயல்களை அளந்து முளையடிக்க ஜப்பானிய அரசினர் ஆட்களை அனுப்பினர். உழவர்கள் வழிமறித்து நின்றனர். தொழிலாளரும் மாணவரும் அவர்களுக்குத் துணை வந்தனர். நிலத்தில் முளை அடிக்கலாம். நெஞ்சில் முளை அடிக்க இயலாது என்பதே அவர்களது உறுதியாக இருந்தது. 1956 அக்டோபரில் காவலர் தடிகொண்டு தாக்கினர், பலர் காயமுற்றனர். அதன்பின் அளவைப்பணி நிறுத்தப்பட்டது.

1957 ஜூலையில் தளத்தின் வேலிக்குள் மீண்டும் அளவை நடைபெற்றது. அப்போது வேலியைக் கடந்து உட்புகுந்தோருள் எழுவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. ஜப்பானிய அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு போரைத் துறப்பதாகக் கூறுகின்றது. அயல்நாட்டுப் படை தங்கியிருப்பது அப்பிரிவுக்கு முரணானது என்று கூறி, 1959 மார்ச் 30இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் எழுவரையும் விடுவித்தது. ஆயின், அவ்வாண்டு டிசம்பர் 16இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. முடிவில் எழுவருக்கும் அபராதம் விதிக்கப்பட்டது.

நீதிமன்றத்தில் வெற்றி கிட்டாதபோதிலும், உறுதி தளராத உழவர்கள் தம் நிலத்தை விட்டு அகலவில்லை. ஆண்டுகள் கடந்தன. 1968இல் அமெரிக்கர் ஓடுபாதைத் திட்டத்தைக் கைவிட்டனர். அடுத்த ஆண்டில் அவர்களுடைய விமானங்கள் பறப்பதும் நின்றது. 1977இல் தளம் முழுவதும் ஜப்பானிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது.

இன்று அத்தளத்தின் ஒரு பகுதியில், 1983இல் திறக்கப்பட்ட பெரும் பூங்கா ஒன்று உள்ளது. மற்றொரு பகுதியில் ஜப்பானியத் தற்காப்புப் படையின் ஹெலிகாப்டர்கள் உள்ளன. நிலநடுக்கம் முதலிய இடர்கள் நேருங்கால் தலைநகர மக்களுக்கு உதவுவதற்கான மையமும் அவ்விடத்திலேயே அமைந்துள்ளது. போருக்கென அமைந்த நிலம் மக்களைக் காக்கும் பணிக்கும் உரியதாயிற்று. கலப்பையன்றி வேறு கருவியறியாத உழவர்களின் உறுதி, அம்மாற்றத்துக்கு வழிகோலிய காரணங்களுள் ஒன்றாகும்.