தும்மலும் கலத்தூதும்

காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கினின்று தெளிந்த நீரொழுக்கு, கண்ணரிப்பு, பின்னர் நாள் முழுவதும் நீங்காத மூக்கடைப்பு. இதனை நம்மூரார் தடிமன் என்பர். சித்த மருத்துவர் பீனிசத்தின்பாற் படுத்துவர். ஆயினும் தடிமன் கிருமியால் வருவது. சில நாளிற் போய்விடும். காய்ச்சலின்றி மாதக்கணக்காய்த் தொடரும் இந்நோய் வேறு. ஒவ்வாமை நாசியழற்சி என்பது இதன் பெயர். மாணவர் கல்வியை இது தாக்குமாதலால், இதன் உட்காரணத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கின்றோம்.

தீங்கற்ற பொருளொன்றைப் பகையென மயங்கி உடல் போர் தொடுப்பதே ஒவ்வாமை. 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906ஆம் ஆண்டில் ஆக்கியவர் வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் வொன் பீர்க்கே ஆவர். நம்முடையது போன்ற ஈரக்காற்று வீசும் கரையோரங்களில் இப்போருக்குப் பெருங்காரணமாவது தலையணையிலும் மெத்தையிலும் வாழும் தூசியுண்ணியாகும். கண்ணுக்குப் புலனாகாத இச்சிற்றுயிரின் எச்சமே மூக்கிற் புகுவது. போகம் வெட்டிச் சூடடிக்குங்கால் எழும் தூசியும், மாரியிற் சுவரிற் படரும் பூஞ்சணமும் நோயை மிகுவிக்கும்.

இனி, போர் நிகழுமாறு காண்போம். உடற்கலங்கள் ஒன்றற்கொன்று செய்தி விடுக்கும் நுண்புரதங்களுக்குச் சைட்டோகைன் என்று பெயர். கிரேக்க மொழியில் இச்சொல்லின் முற்பகுதி குழிந்த பாத்திரத்தையும், பிற்பகுதி இயக்கத்தையும் குறிக்கும். தமிழிலும் கலம் என்பது பாத்திரமே. ஆதலின் இவற்றைக் 'கலத்தூது' எனல் பொருந்தும். கிளியையும் முகிலையும் தூதுவிட்ட நம் புலவர் மரபறிந்தார்க்கு இஃது எளிதின் விளங்கும்.

தூசி பட்டதும் மூக்கின் உட்சவ்வு, இன்டர்லூக்கின்-33 முதலிய முதற்றூதுகளை விடுக்கின்றது. அவற்றால் ஏவப்பட்ட உதவி டி-கலங்கள் வேறு மூன்று தூதுகளை அனுப்புகின்றன. இன்டர்லூக்கின்-4, இம்யூனோகுளோபுலின்-ஈ என்னும் எதிர்ப்பொருளை ஆக்குமாறு பி-கலங்களை ஏவும். இவ்வெதிர்ப்பொருளை 1966இல் கண்டறிந்தோர் ஜப்பானியரான இஷிசாக்கா தம்பதியர். இன்டர்லூக்கின்-5, இயோசினோபில் என்னும் வெண்கலங்களைப் பெருக்கி, அவற்றின் வாழ்நாளை நீட்டும். இன்டர்லூக்கின்-13 சளியைச் சுரப்பிக்கும்.

எதிர்ப்பொருள் மாஸ்ட் கலங்களின் மேல் அமர்ந்து காத்திருக்கும். மீண்டும் தூசி புக, அக்கலங்கள் சில நிமிடத்துள் ஹிஸ்டமினைச் சொரியும். தும்மலும் அரிப்பும் தோன்றும். இது முதல் அலை. சில மணி நேரத்தின்பின், தூதுகளால் அழைக்கப்பட்ட வெண்கலங்கள் திரண்டு சவ்வை வீங்கச் செய்யும். இரண்டாம் அலையாகிய இதுவே மூக்கடைப்பை நீடிக்கச் செய்கின்றது. நாடோறும் இவ்வாறு நிகழ, முன்னினும் சிறிதளவு தூசியே நோயை எழுப்பப் போதுமாகிவிடும்.

மாத்திரை விழுங்கியும் அடைப்பு நீங்காமைக்குக் காரணம் இப்போது புலனாகும். மாத்திரை ஹிஸ்டமினை மட்டுமே தடுக்கும், தூதுகளை நிறுத்தாது. மூக்கில் விசிறும் ஸ்டீரொயிட் மருந்தோ தூதுகளையே குறைக்கும். ஆனால் அதனை மருத்துவர் சொற்படி நாடோறும் பயன்படுத்தல் வேண்டும். ஒருநாளிற் பயன் தேடுதல் தகாது.

2007ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் 1,800க்கு மேற்பட்ட மாணவரை ஆராய்ந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. முன்னோடிப் பரீட்சையினும் இறுதிப் பரீட்சையில் பெறுபேறு தாழ்ந்தோரிடையே இந்நோயின் தொல்லை மிகுதியாய்க் காணப்பட்டது. உறக்கம் தரும் மாத்திரை உட்கொண்டோர் அவருள் இன்னும் மிகுதி. நம் நாட்டிற் பலரும் தாமாகவே வாங்கி விழுங்கும் குளோர்பெனிரமின் அவ்வகையினதே. க.பொ.த. பரீட்சை எழுதுவோர் இதனைக் கருத்திற் கொள்க, உறக்கம் மிகத் தாராத மாத்திரைகளும் உள, மருத்துவரை வினவுக.

பெற்றோர் தலையணையுறையையும் விரிப்பையும் வாரந்தோறும் சுடுநீரிற் கழுவி வெயிலிற் காயவிடுக. மூச்சிரைப்பு உடனிருப்பின் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்க. மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரு முனைகளே. ஆசிரியராகிய நாமும், இரவெல்லாம் மூச்சடைத்து உறங்காத பிள்ளை வகுப்பிற் சோர்ந்திருந்தால், அதனைச் சோம்பல் எனத் துணிந்து ஒறுத்தல் ஆகாது. கரும்பலகைக்குத் தொலைவில், வெண்கட்டித் தூசி படியாத இடத்தில் அப்பிள்ளையை இருத்துவோமாக; பெற்றோர்க்கு ஒரு சொல் உரைப்போமாக. மருந்துள்ள நோயொன்றால் ஒரு மாணவன் பெறுபேறு தாழ்தல் நம் கல்லூரிக்கு அழகன்று.