புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை

பொம்மனஹள்ளியில் பல ஊர் மக்கள் வாழ்கிறோம். சிலர் கட்டட வேலைக்குப் போகிறோம். சிலர் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறோம். சிலர் மூட்டை தூக்குகிறோம்.

வேலைக்கு நடுவில் ஒரு டீ. டீயோடு ஒரு பீடி. அலுப்பு தீரும் என்று நினைக்கிறோம். அந்தப் புகை உள்ளே போய் என்ன செய்கிறது? படிப்போம்.

மூச்சுக்குழாய்

நாம் இழுக்கும் காற்று மூச்சுக்குழாயில் இறங்குகிறது. அந்தக் குழாய் மரக்கிளை போலப் பிரிந்து நுரையீரலுக்குள் போகிறது. குழாயின் உள்பக்கம் மெல்லிய தோல் உண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத சிறு மயிர்கள் இருக்கின்றன. அவை துடைப்பம் போல வேலை செய்கின்றன. தூசியைச் சளியோடு சேர்த்து மேலே தள்ளுகின்றன.

செங்கல்லால் வீடு கட்டுகிறோம். அதுபோல நம் உடல் செல்களால் ஆனது. புகை இந்தச் செல்களைத்தான் கெடுக்கிறது.

நான்கு படிகள்

முதல் படி: புகை பட்டுப் பட்டு சிறு மயிர்கள் அழிகின்றன. அடியில் உள்ள செல்கள் அளவுக்கு மேல் பெருகுகின்றன.

இரண்டாம் படி: மெல்லிய உள்தோல் தடித்துப் போகிறது. மண்வெட்டி பிடிக்கும் கை காய்த்துப் போவது போல. அந்த இடத்தில் துடைப்பம் இல்லை. சளி தேங்குகிறது.

மூன்றாம் படி: செல்கள் உருமாறுகின்றன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வரிசையும் குலைகிறது. கொத்தனார் இல்லாமல் அடுக்கிய சுவர் போல. இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை.

நான்காம் படி: கெட்ட செல்கள் உள்தோல் முழுதும் நிறைகின்றன. ஆனால் அடியில் உள்ள சவ்வைத் தாண்டவில்லை. சவ்வைத் தாண்டி இறங்கினால், அது பரவக்கூடிய புற்றுநோய்.

இந்த மாற்றம் பல ஆண்டுகள் நடக்கும். வலி இருக்காது. எக்ஸ்ரே படத்திலும் பெரும்பாலும் தெரியாது. அதனால் ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று இருந்துவிடுகிறோம்.

நுரையீரல் புற்றுநோயில் பல வகை உண்டு. இது ஒரு வகை. புகை பிடிக்காதவர்களுக்கும் சில வகை வருவது உண்டு. ஆனால் பெரிய காரணம் புகைதான். ஒரே அறை உள்ள வீட்டில் ஒருவர் பீடி பிடித்தால், மனைவியும் பிள்ளைகளும் அந்தப் புகையைத்தான் இழுக்கிறார்கள்.

இனி விட்டு என்ன பயன்?

“முப்பது வருஷமா பீடி குடிக்கிறேன். இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் உண்டு.

அமெரிக்காவில் ஆஸ்கர் அவர்பாக் என்ற டாக்டர் இருந்தார். இறந்தவர்களின் மூச்சுக்குழாயை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். புகை பிடித்தவர்களிடம் கெட்ட செல்கள் நிறைய இருந்தன. பிடிக்காதவர்களிடம் மிகக் குறைவு. புகையை விட்டவர்களிடமும் குறைந்திருந்தன. இதை அவர் 1962-ல் வெளியிட்டார்.

அதாவது, முதல் படிகளில் இருப்பவர் திரும்பி இறங்க முடியும். புகை நின்றால் உடல் தன்னைத் தானே சரிசெய்யப் பார்க்கும். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு குறையும்.

பிரிட்டனில் 1951 முதல் 50 ஆண்டுகள் டாக்டர்களையே ஆராய்ந்தார்கள். 2004-ல் முடிவு வந்தது. சிகரெட்டை 60 வயதில் விட்டவர்களுக்கு ஆயுள் சுமார் 3 ஆண்டு கூடியது. 50 வயதில் விட்டவர்களுக்கு 6 ஆண்டு. 40 வயதில் விட்டவர்களுக்கு 9 ஆண்டு. 30 வயதில் விட்டவர்களுக்கு 10 ஆண்டு.

மூன்று ஆண்டு என்பது சிறிய காலமா? ஒரு பேரக்குழந்தை பிறந்து, நடந்து, ‘தாத்தா’ என்று கூப்பிடும் காலம் அது.

உதவி எங்கே?

விடுவது எளிதல்ல. புகையிலையில் உள்ள நிகோடின் நம்மைப் பிடித்து வைக்கும். கோபம் வரும். தூக்கம் வராது. சில வாரங்களில் இது குறையும். வீட்டில் உள்ளவர்கள் திட்டாமல் துணை நிற்க வேண்டும்.

புகையிலையை விட உதவும் இலவசத் தொலைபேசி எண்: 1800 11 2356. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் இதற்கு உதவி கிடைக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலும், சளியில் ரத்தம் வந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அது காசநோயாகவும் இருக்கலாம். காசநோய்க்கு அங்கே இலவச மருந்து உண்டு.

பதில் சொல்லுங்கள்

1. மூச்சுக்குழாயில் உள்ள சிறு மயிர்களின் வேலை என்ன?
2. எந்தப் படியில் செல்கள் உருமாறுகின்றன?
3. 50 வயதில் புகையை விட்டவர்களுக்கு எத்தனை ஆண்டு கூடியது?

செய்து பாருங்கள்

ஒரு பீடிக்கட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் படியுங்கள். இந்தப் பாடத்தில் உள்ள தொலைபேசி எண் அதில் இருக்கிறதா? கண்டுபிடித்து, பீடி பிடிக்கும் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்.