செல்லாக் காசு

நாள்தோறும் நம் கைகளில் எத்தனையோ நாணயங்கள் வந்து போகின்றன. அவற்றை எண்ணுகிறோமேயன்றி உற்று நோக்குவதில்லை. அம்மாவின் இட்லிக் கடைச் சில்லறையில் அந்த ஒரு ரூபாய் கிடைக்கும் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

அதன் ஒரு பக்கத்தில் சிங்க முத்திரை முறைப்படி இருந்தது. மறுபக்கத்திலும் அதே சிங்கம். ஆனால் பள்ளமாகவும், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியும் இருந்தது. பூவா தலையா போட்டால் எப்போதும் தலைதான்! மதிப்பைக் குறிக்கும் எண் இல்லாததால் மளிகைக் கடையில் வாங்க மறுத்தார்கள். "இது செல்லுமாடா, செல்லாதா?" என்று அம்மா கேட்டார்.

ஆய்வகத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 2011ஆம் ஆண்டு வரிசை ஒரு ரூபாயின் எடை 3.79 கிராம். இதுவும் ஏறக்குறைய அவ்வளவே இருந்தது. எஃகு ஆதலால் காந்தத்திலும் ஒட்டியது. ஆகவே பிழை உலோகத்தில் இல்லை, அச்சடிப்பில்தான்.

நாணயச்சாலையில் வட்டமான உலோக வில்லையை மேலும் கீழுமாக இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்துகிறார்கள். அடித்த காசு வெளியேறாமல் ஓர் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லைக்கு அந்தக் காசே அச்சாகிவிடுகிறது. மேடு பள்ளமாகப் பதிகிறது. என் காசு பிறந்த கதை இதுதான்.

வில்லை சரியாக அமராவிட்டால் உருவம் ஓரமாக ஒதுங்கும். தகட்டில் முன்பே வெட்டிய துளையின்மேல் மீண்டும் வெட்டு விழுந்தால், விளிம்பு பிறைபோல் குறையும். அச்சில் விரிசல் இருந்தால் காசில் மேடான கோடு தோன்றும். இங்கே ஒரு விதியை நினைவிற் கொள்க: கோடு மேடாக இருந்தால் அச்சின் பிழை, பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் பின்னர் பட்ட கீறல்.

ஆண்டின் கீழுள்ள குறிகளைப் பிழையென்று மயங்க வேண்டாம். வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லாதது கொல்கத்தா.

அந்த மாதம் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பழைய காசுக்கு லட்சங்கள் தருவதாக வந்த கைப்பேசி விளம்பரத்தைக் கண்டு கேட்டேன். முதலில் பதிவுக் கட்டணம் அனுப்பச் சொன்னார்கள்! இத்தகைய மோசடிகள் தன் பெயரிலேயே நடப்பதாக 2021இல் ரிசர்வ் வங்கி எச்சரித்திருந்ததை அறிந்ததும் விலகிக்கொண்டேன். பிழைக் காசுகளுக்கு நிலையான விலை கிடையாது. சேகரிப்பவர் விருப்பமே விலை. விற்பவனிடம் முன்பணம் கேட்பவன் வாங்க வந்தவன் அல்லன்.

கட்டணத்தை அம்மா இட்லி விற்ற காசிலேயே கட்டினார். அந்த ஒரு ரூபாய் ஒரு தீப்பெட்டிக்குள் என்னிடமே இருக்கிறது.

"இது அரசாங்கம் அடித்த காசுதான், அம்மா" என்றேன்.

"அப்படியானால் பத்திரமாக வை" என்றார்.