செவி தேடும் சிற்றலை

நள்ளிரவை நெருங்கும் வேளையில் சிற்றலை வானொலிப் பெட்டியின் குமிழை மெல்லத் திருப்புபவரின் செவியில் முதலில் விழுவது இரைச்சலே. அதனூடே அறியாத மொழியொன்று அரும்புகிறது, ஓங்குகிறது, சொல் முடியுமுன்னே தேய்ந்துவிடுகிறது. அவர் குமிழிலிருந்து விரலை எடுப்பதில்லை. தேய்ந்த குரல் மீண்டு வரும் என்பதை அறிந்தவர் அவர்.

குரல் இவ்வாறு ஓங்கித் தேய்வதற்குக் காரணம் வானில் உள்ளது. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் சிற்றலைகள் எனப்படும். மேலே செல்லும் இவ்வலைகளை அயனி மண்டலம் வளைத்துத் தரைக்குத் திருப்புகிறது. தரையில் பட்டு எழுந்து, மீண்டும் வளைந்து, அவை கண்டம் கடக்கின்றன. அம்மண்டலத்தை உருவாக்குபவை கதிரவனின் கதிர்களே. பகலில் அதன் கீழடுக்கு குறைந்த அதிர்வெண் அலைகளை விழுங்கிவிடும். இரவில் அவ்வடுக்கு மறையவே, 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் தொலைதூர நிலையங்கள் கேட்கத் தொடங்கும். ஆதலால், தேர்ந்த நேயர் கடிகாரத்தோடு கதிரவனையும் பார்ப்பார்.

கேட்டதோடு அவர் பணி முடிவதில்லை. நாள், உலகப் பொது நேரம், அதிர்வெண், ஒலியின் வலிமை, நிகழ்ச்சியின் விவரம் ஆகியவற்றைக் குறித்து நிலையத்துக்கு எழுதுவார். குறிப்பு சரியெனக் கண்டால் நிலையம் ‘கியூ.எஸ்.எல்.’ என்னும் அட்டையை அனுப்பும். கேளாததைக் கேட்டதாக எழுதிப் பெற்றவருக்கு அது வெறும் படத்தாள்தான்.

கேட்பதோடு பேசவும் விழைவோர் அமெச்சூர் வானொலியாளர், வழக்கில் ‘ஹாம்’. இந்தியாவில் 12 வயது நிரம்பியோர் தேர்வெழுதி, நடுவணரசின் உரிமம் பெறலாம். உரிமத்துடன் வரும் அழைப்புக்குறியே அலைவரிசையில் அவரது பெயர். வணிகப் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

ஹாம்கள் எளிதில் பேசக் கிடைக்காத இடத்துக்குச் சென்று, அங்கிருந்து உலகோரோடு பேசுவது இவர்தம் விளையாட்டுகளுள் ஒன்று. அந்தமான் அத்தகைய இடமாக நெடுங்காலம் இருந்தது. சிறப்பு இசைவு பெற்று, பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் ஒரு குழு 2004 டிசம்பரில் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தது. அந்த விளையாட்டின் நடுவேதான் டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கிற்று. ஆழிப்பேரலை தீவுகளைத் தாக்கிற்று. பெருநிலப்பரப்போடு இருந்த தொலைபேசித் தொடர்பு அறுந்தது.

குழுவினர் விளையாட்டைக் கைவிட்டு, மீட்புப்பணிக்கான செய்திகளையும் உறவினர் தேடிய மனிதர்களின் நலச்செய்திகளையும் கடத்தத் தொடங்கினர். இரைச்சலுக்குள் அயல்மொழியைத் துழாவிப் பழகிய செவிகளுக்கு இப்போது பிடிபட வேண்டியவை மனிதர்களின் பெயர்கள். ஓரெழுத்துப் பிறழ்ந்தாலும் ஒருவர் நலமாயிருக்கும் செய்தி வேறொருவர் வீட்டுக்குப் போய்விடும். ஐயம் எழுமிடத்துப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வதும், மறுமுனையில் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதும் ஹாம்கள் பொழுதுபோக்கிலேயே பழகிக்கொண்ட முறைகள்.