பவச்சக்கரம் இராசிச் சக்கரம் அன்று



சென்ற பௌர்ணமியன்று அலிபிரியில் அன்பர் ஒருவர் இல்லத்தில் கூடியிருந்தோம். திருமலைக்குப் படியேறுவோரின் குரல் தெருவில் ஓயாது கேட்டுக்கொண்டிருந்தது. சுவரில் பவச்சக்கரப் படம் ஒன்று தொங்கியது. பாடம் தொடங்குமுன் ஓர் இளைஞர் அதனைச் சுட்டி வினவினார்: “ஐயா, கோர உருவம் ஒன்று இச்சக்கரத்தைக் கவ்வியிருக்கிறது. மாந்தர் யாவரும் உள்ளே கிடக்கின்றனர். நீ சேரியில் பிறந்தது முற்பிறவி வினை என்று என் பாட்டனாரிடம் ஊரார் சொன்னார்களாம். இப்படமும் அதைத்தான் சொல்கிறதா?”

வினா என்னைத் தைத்தது. அன்றைய பாடத்தை ஒதுக்கிவிட்டு இதனையே பேசினோம்.

இவ்வகைச் சித்திரத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையது அஜந்தாவின் 17-ஆம் குகையில் உள்ளது. வாகாடக மன்னர் ஹரிசேனர் காலத்தில், கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் குடைந்த விகாரம் அது. தாழ்வாரத்தின் ஒருபுறச் சுவரில், சிதைந்த பெருஞ்சக்கரமும், அதில் மனித வாழ்வின் சில காட்சிகளும் எஞ்சியுள்ளன. 1819-இல் ஜான் ஸ்மித் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி அஜந்தாவைக் கண்ட பின்னர், அங்கு சென்ற ஐரோப்பியர் இவ்வட்டத்தை இராசிச் சக்கரம் என்று கருதினர். குகைக்கே இராசிக் குகை என்று பெயரிட்டனர். பிழைதான். ஆயினும் நம்மவர் பலரும் இன்றளவும் அதே பிழையைத்தான் செய்கின்றனர். இராசிச் சக்கரம் பிறந்த வேளையைக் கொண்டு மனிதனைக் கட்டுகிறது. பவச்சக்கரமோ கட்டு எதனால் ஆயிற்று என்று அவிழ்த்துக் காட்டுகிறது.

இதனை எவ்வாறு தீட்டவேண்டும் என்று திவ்யாவதானம் என்னும் வடமொழிப் பௌத்த நூல் கூறுகிறது. நடுவில் புறா, பாம்பு, பன்றி. இவை ஆசை, வெகுளி, மயக்கம். சுற்றிலும் ஐந்து கதிகள். தேவர்களும் உள்ளேதான் இருக்கின்றனர் என்பதை நோக்குக. விளிம்பில் பன்னிரு நிதானங்கள். கவ்வியிருக்கும் உருவம் விதியன்று, அநித்தியம். மேலே பகவான் நிருவாண வட்டத்தைக் காட்டுகிறார். கீழே முயற்சியைத் தூண்டும் இரு செய்யுட்கள் எழுதப்படவேண்டும். தலையெழுத்தைக் காட்டும் படத்தின் அடியில் முயல்க என்று எவரேனும் எழுதுவரோ?

பன்னிரு நிதானங்களை மணிமேகலை நல்ல தமிழில் சொல்கிறது. பேதைமையைச் சார்ந்து செய்கை. நுகர்வைச் சார்ந்து வேட்கை. வேட்கையைச் சார்ந்து பற்று. சார்பு நீங்கின் சார்ந்தது நீங்கும். நான் 26 ஆண்டுகள் நூற்பாலையில் கதிர்களின் நடுவே நின்றவன். இழை அறுந்தால் விரலால் ஒட்டுவோம். ஒட்டாது விட்டால் கதிர் வெறுமனே சுழலும்; நூல் ஏறாது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே இழை அறுந்து அறுந்து விழுகிறது. ஒவ்வொரு முறையும் அதை ஒட்டுவது நம் விரலே. ஓவியர் நுகர்வைக் கண்ணில் தைத்த அம்பாகவும், வேட்கையைப் பானம் பருகுபவனாகவும் தீட்டுவர். அம்பு தைப்பதை நாம் தடுக்க இயலாமற்போகலாம். கிண்ணத்தை எடுக்கும் கை நம்முடையது.

பாட்டனார் செய்தி இன்னும் எஞ்சியிருந்தது. துன்பமெல்லாம் முன்வினையே என்போர் சொல் தகுமா என்று மோளியசீவகர் என்னும் பரிவிராசகர் கேட்டதும், பகவான் மறுத்ததும் சம்யுத்த நிகாயத்தில் உள்ளன. பித்தம், சிலேத்துமம், வாதம், அவற்றின் கலப்பு, பருவ மாற்றம், ஒவ்வாத நடத்தை, தாக்குதல், வினைப்பயன் எனக் காரணங்கள் எட்டாகச் சொல்லப்படுகின்றன. வினை அவற்றுள் ஒன்று. தாக்குதலும் ஒன்று. பாட்டனாரைத் தெருவில் நடக்கவிடாது தடுத்தவை மனிதரின் கைகள். அவர்தம் மயக்கமும் வெகுளியும் இச்சக்கரத்தின் நடுவிலேயே தீட்டப்பட்டிருக்கின்றன.

இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் எழுந்து படத்தருகே சென்று, விளிம்பில் கோலூன்றி நிற்கும் குருடனைத் தொட்டு, “பேதைமை இவன்தானே?” என்றார். ஆம் என்றேன். விகார வாயிலில் இப்படத்தைத் தீட்டி, வருவோர்க்கு விளக்கப் பிக்கு ஒருவரை நிறுத்தவேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. அலிபிரியில் நமக்குப் பிக்கு இல்லை. அடுத்த பௌர்ணமியில் படத்தை விளக்க அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.