உறைபனி இறங்குகிறது: தெருப் பூனைகளுக்கு இப்போதே செய்ய வேண்டியவை

வடகிழக்கு மழை ஓய்ந்து வானம் தெளிந்துவிட்டால் ஊட்டியில் பகலெல்லாம் வெயில் நன்றாக அடிக்கும். அந்த வெயிலை நம்பாதீர்கள். மேகம் மூடாத இரவில் தரையின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். விடியும்போது காந்தலிலும் தலைக்குந்தாவிலும் பந்தய மைதானத்திலும் புல் வெளுத்துக் கிடக்கும். நவம்பரில் தொடங்கும் இந்தக் குளிர் பிப்ரவரி வரை நம்மை விடாது. நமக்குக் கம்பளி இருக்கிறது. கடைவாசலிலும் மார்க்கெட் பின்புறத்திலும் எஸ்டேட் லைன் வீடுகளைச் சுற்றியும் திரிகிற பூனைகளுக்கு நாம் செய்து கொடுப்பதுதான் உண்டு.

செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. செய்யவே கூடாதது ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்கிறேன், முடிவிலும் சொல்வேன்.

நம் சளி மருந்து எதுவும் பூனைக்கு ஆகாது. பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். தைலம் தடவாதீர்கள்.

இனி வேலைகள்.

படுக்கை. மரப்பெட்டியோ பழைய தேயிலைப் பெட்டியோ போதும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். பெரிதாகச் செய்தால் பூனையின் உடல் சூடு உள்ளே தங்காது. வாசல் 6 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பெட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வையுங்கள். மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். வாசலைக் காற்று வீசும் பக்கம் வைக்காதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் பெட்டியை மேட்டில், சுவரோரமாக, கூரை இறவாரத்துக்குக் கீழே வையுங்கள்.

உள்ளே வைக்கோல். சாக்கு வேண்டாம், பழைய கம்பளியும் வேண்டாம். துணி ஈரத்தைக் குடிக்கும். ஈரத்துணி பூனையின் சூட்டை உறிஞ்சிவிடும். வைக்கோல் தண்டின் உள்ளே பொந்து. அதில் அடைபட்ட காற்று சூட்டைக் காக்கும், ஈரமும் எளிதில் ஏறாது. மாடு வைத்திருப்பவர்களிடம் ஒரு கட்டு கேட்டு வாங்குங்கள். நனைந்தால் மாற்றுங்கள்.

தீனி. குளிரில் உடம்பைச் சூடாக வைக்கவே தெம்பு செலவாகும். வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாக வையுங்கள். சோறும் மீனும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கு. தீனியைப் பொழுது சாய்வதற்குள் வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இரவில் கிடக்கிற மிச்சத்துக்குக் கரடி வரும். பூனைகள் கூடுகிற இடம் சிறுத்தைக்கும் தெரிந்துவிடும்.

தண்ணீர். அகலத் தட்டில் வைத்தால் விடியலில் பனிக்கட்டிதான் இருக்கும். குழிவான பாத்திரத்தில், காலையும் மாலையும் வெதுவெதுப்பாக ஊற்றுங்கள்.

வண்டி. ஓடி நின்ற என்ஜின் பூனைக்கு அடுப்பங்கரை மாதிரி. காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைப் பலமாக இரண்டு தட்டு தட்டி, ஹாரன் அடித்து, கொஞ்சம் பொறுங்கள். விடியற்காலையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றக் கிளம்பும் டிரைவர்கள் இதை ஒரு நாளும் விடக் கூடாது.

கரி அடுப்பு. மூடிய கொட்டகையில் கங்கு வைக்காதீர்கள். அந்தப் புகை மனிதரையும் தூக்கத்திலேயே கொல்லும்.

குட்டிகள். தாய் பக்கத்தில் இருந்தால் எடுக்காதீர்கள். தாய் இல்லாமல் விறைத்துக் கிடந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த குட்டியின் வயிறு செரிக்காது, பால் புரையேறி மூச்சுக்குழலுக்குப் போகும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். ஆட்டுப்பாலும் மாட்டுப்பாலும் வேண்டாம். பூனைக்குட்டிக்கென்று பால்மாவு இருக்கிறது.

கடித்தால், பிறாண்டினால். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

இப்போது முதலில் சொன்னதற்கே வருகிறேன்.

குளிர்காலத்தில் பூனைகள் தும்மும், மூக்கு ஒழுகும், கண்ணில் பீளை கட்டும். பார்க்கிறவர்களுக்கு மனசு கேட்காது. வீட்டுக்குள் போய் மாத்திரைப் பட்டையை எடுத்து, “பாவம், சின்ன உடம்பு” என்று பாதியாக உடைத்துத் தீனியில் பொதிந்து வைத்துவிடுகிறார்கள். போன தை மாதம் ஒரு பெண்மணி தான் தினமும் சோறு வைத்த பூனையைத் துண்டில் சுற்றி எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்து வந்தார். ஈறு பழுப்பேறியிருந்தது. முகமும் பாதமும் வீங்கியிருந்தன. முந்தின இரவு அரை மாத்திரை கொடுத்ததாகச் சொன்னார். பூனை பிழைக்கவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை, அன்பாகத்தான் கொடுத்தார். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கணக்குப் பாருங்கள். தெருப் பூனையின் எடை சுமார் 3 கிலோ. கிலோவுக்கு 10 மில்லிகிராம் பாராசிட்டமாலே அதற்கு நஞ்சாகலாம். அதாவது 30 மில்லிகிராம். நம் மாத்திரையில் இருப்பது 500. பாதியில் 250, கால் துண்டில் 125. குழந்தைகளுக்கான சிரப்பும் அப்படியே. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் ஒன்றேகால் மில்லியிலேயே எல்லை தாண்டிவிடும். இந்த மருந்தை மாற்றி வெளியேற்ற நம் ஈரலில் இருக்கும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. மருந்து நஞ்சாகி இரத்தத்தைக் கெடுக்கும். கெட்ட இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்காது. “கொஞ்சம்தான் கொடுத்தேன்” என்று யாரும் சொல்லாதீர்கள். இதில் கொஞ்சம் என்ற அளவே கிடையாது.

தைலமும் அப்படித்தான். நம் ஊரில் தைலம் இல்லாத வீடு கிடையாது. சளி என்றால் நெஞ்சில் தேய்க்கிறோம், பூனையின் நெஞ்சிலும் தேய்க்கிறோம். பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும். தேய்த்ததெல்லாம் வயிற்றுக்குள் போகும். வாயில் எச்சில் வழியும், கால் தள்ளாடும், வலிப்பு வரும். கற்பூரம் கலந்த களிம்பும் வேண்டாம். வைக்கோலில் தைலம் தெளிக்கவும் வேண்டாம். போன வருடமும் இதைச் சொன்னேன். கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்த் தடவியவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் தும்மும் பூனைக்கு என்ன செய்வது? பஞ்சை வெந்நீரில் நனைத்து, ஆறவிட்டுக் கண்ணையும் மூக்கையும் துடையுங்கள். மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் தின்னாது. மத்தி மீனை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் கிட்டே வையுங்கள். இரண்டு நாள் எதுவும் தின்னாவிட்டால் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

ஏற்கெனவே மாத்திரை கொடுத்துவிட்டீர்களா? விடியட்டும் என்று இருக்காதீர்கள். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மாத்திரைப் பட்டையையும் பூனையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. சீக்கிரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். வெட்கப்பட்டு மறைத்தால் அந்த நேரமும் போய்விடும்.

இன்று மாலையே பெட்டியை வையுங்கள், வைக்கோலைப் போடுங்கள். வீட்டில் பூனைக்குச் சோறு வைப்பது பாட்டியானாலும் பிள்ளையானாலும், அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதை ஒரு தரம் படித்துக் காட்டுங்கள்: பாராசிட்டமால் கொடுக்காதே. தைலம் தடவாதே.