வாழைத் தாரிலிருந்து அட்டைப் பெட்டி வரை
சிப்பமிடும் யந்திரங்களைப் பற்றி விவசாயிகளும் பஞ்சாயத்தாரும் அறிய வேண்டியவை

காவிரிப் பாசனப் பகுதி நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. எனினும் திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் வட்டாரங்களில் காவிரி, குடமுருட்டி, கொள்ளிடம் ஆகிய ஆறுகளின் படுகை நிலங்களில் வாழையும் வெற்றிலையும் தொன்றுதொட்டுப் பயிராகி வருவதை யாவரும் அறிவர். உலகில் விளையும் வாழைப்பழத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தியாவில் விளைகிறது. ஆயினும் உலக வாழைப்பழ ஏற்றுமதியில் நமது பங்கு மிகச் சொற்பமே. நம்மவர் உண்பது அதிகம் என்பது இதற்கு ஒரு காரணம். மரத்திலிருந்து வெட்டிய பிறகு பழத்தைக் காக்கும் முறையில் நாம் பின்தங்கியிருப்பது மற்றொரு காரணம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயலில் டெல்டா மாவட்டங்களின் தென்னையும் வாழையும் வேரோடு சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. காற்றினால் வரும் நஷ்டத்தைத் தடுப்பது நம் கையில் முழுதும் இல்லை. ஆனால், வெட்டுக் கத்திக்கும் மண்டிக்கும் இடையே ஏற்படும் நஷ்டம் நம் கையில் உள்ளது. இக்காலத்தில் பல கிராமங்களில் உற்பத்தியாளர் குழுக்கள் தோன்றி, "சிப்பமிடும் யந்திரம் வாங்கலாமா?" என்று கேட்கின்றன. அக்கேள்விக்கு விடை காண உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெல்லும் வாழையும் ஒன்றல்ல

நமது வட்டார மக்கள் யந்திரத்திற்குப் புதியவர்கள் அல்லர். 1967-ஆம் ஆண்டில் திருவாரூரில் நவீன அரிசி ஆலையை ஒட்டித் தொடங்கப்பட்ட ஆய்வுக்கூடமே படிப்படியாக வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்குகிறது. நெல்லை அடிக்கவும் தூற்றவும் அவிக்கவும் அரைக்கவும் யந்திரங்களை நாம் நெடுநாளாகக் கையாள்கிறோம்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். நெல் மூட்டையை லாரியிலிருந்து தள்ளினாலும் நெல்லுக்குக் கேடில்லை. வாழையோ தன்மீது பட்ட ஒவ்வோர் அடியையும் நினைவில் வைத்திருக்கும். காயாக இருக்கும்போது பட்ட அடி வெளியே தெரியாது. பழுக்கும்போதுதான் கறுப்புத் தழும்பாக வெளிப்படும். அதற்குள் சரக்கு வியாபாரியின் கடையில் இருக்கும். விவசாயி தன் குற்றம் என்னவென்று அறியாமலே விலையை இழப்பான்.

ஆகவே, வாழைக்கு ஒரு யந்திரம் தேவையா என்று ஆராயும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இந்த யந்திரத்தால் காய் கைமாறும் தடவையும் அடிபடும் தடவையும் குறையுமா?" குறையுமானால் வாங்கலாம். கூடுமானால், அது எவ்வளவு விரைவாக வேலை செய்தாலும் வேண்டாம்.

நான் கற்ற பாடம்

இவ்விதியை நான் புத்தகத்தில் கற்கவில்லை. எனது பணியின் தொடக்க காலத்தில், வேறோர் ஒன்றியத்தில், வாழை விவசாயிகள் குழு ஒன்று தரம் பிரிக்கும் யந்திரம் வாங்க விரும்பியது. உருளைகளும் ஓடும் பட்டையும் கொண்ட அந்த யந்திரத்தின் படத்தைக் கண்டு நானும் மயங்கி, கடனுக்குப் பரிந்துரை செய்தேன். அது ஆரஞ்சு, தக்காளி போன்ற உருண்டைக் காய்களுக்காகச் செய்யப்பட்டது. வாழைச் சீப்பு உருளுவதில்லை. சீப்பைத் தனித்தனிக் காயாகப் பிரித்துப் போட்டார்கள். காம்பு ஒடிந்தது, தோல் உராய்ந்தது. பச்சையாக அனுப்பிய சரக்கு நான்காம் நாள் கறுத்துவிட்டதென்று பாதி விலைகூடக் கிடைக்கவில்லை. யந்திரம் கொட்டகையில் துருப்பிடித்தது. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை. குழுவின் தலைவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "இது எந்தக் காய்க்கு ஆன மிஷின் என்று நாம் இருவருமே கேட்கவில்லையே, ஐயா" என்றார். அச்சொல்லை நான் இன்றும் மறக்கவில்லை.

உருண்டைப் பழங்களுக்கு அத்தகைய யந்திரங்கள் மிகவும் பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. சுழலும் உருளைகளின் இடைவெளி படிப்படியாக அகல, சிறிய பழம் முதலிலும் பெரிய பழம் பின்னும் விழும். சிலவற்றில் ஒவ்வொரு பழமும் சிறு கிண்ணத்தில் ஏறி எடை பார்க்கப்படும். சிலவற்றில் நிழற்படக் கருவி நிறத்தையும் பழுதையும் கண்டறியும். குறித்த எடை சேர்ந்ததும் பெட்டி தானே நகர்ந்து அடுத்த பெட்டி வந்து நிற்கும். வாழைக்கு இவை பொருந்தா. பெரிய தோட்டங்கள் உள்ள அயல்நாடுகளிலும் வாழைச் சீப்பைப் பெட்டியில் அடுக்குவது இன்றும் பெரும்பாலும் மனிதர் கைதான்.

பெட்டி வந்த வரலாறு

அட்டைப் பெட்டியில் வாழையை அனுப்பும் வழக்கம் மிகப் பழமையானதன்று. மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து 1950-களின் பிற்பகுதி வரை முழுத் தார்களாகவே கப்பலில் ஏற்றினார்கள். அப்போது பயிரான குரோ மிஷேல் என்னும் இரகம் தடித்த தோலுடையது, அடியைத் தாங்கியது. பனாமா வாடல் நோய் அந்த இரகத்தின் தோட்டங்களை அழித்தமையால் கேவண்டிஷ் இனத்திற்கு மாறினார்கள். இதன் தோல் எளிதில் நசுங்கும். எனவே தோட்டத்திலேயே சீப்பாக அறுத்து, கழுவி, பெட்டியில் அடுக்கி அனுப்பும் முறை அக்காலத்தில் பரவியது.

இவ்வரலாறு நமக்கும் பொருந்தும். திசு வளர்ப்புக் கன்றாக நம்மிடம் வந்துள்ள கிராண்ட் நைன், அதே கேவண்டிஷ் இனத்தைச் சேர்ந்தது. பூவன் தாரை லாரியில் சருகு பரப்பி அடுக்கியது போலவே இதனையும் அடுக்கினால் நஷ்டம் நிச்சயம். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இவ்விரகத்தைச் சிப்பக் கூடங்களில் பெட்டியிலிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். வாய்ப்புள்ள பஞ்சாயத்தார் ஒருமுறை நேரில் சென்று கண்டு வருவது நன்று.

சிப்பக் கூடத்தில் நடப்பது என்ன?

சிப்பக் கூடத்தின் வேலை தோட்டத்திலேயே தொடங்குகிறது. தொலைதூரம் செல்லும் காயை முக்கால் முற்றலில் வெட்ட வேண்டும். ஒருவர் வெட்ட, மற்றொருவர் மெத்தை வைத்த தோளில் தாரை ஏந்த வேண்டும். தார் தரையைத் தொடலாகாது.

கூடத்திற்கு வந்த தாரைத் தொங்கவிட்டு, கூரிய வளைகத்தியால் சீப்பு சீப்பாக அறுத்து, நேரே தண்ணீர்த் தொட்டியில் இட வேண்டும். இத்தொட்டியே கூடத்தின் முதன்மையான சாதனம். அறுத்த இடத்தில் வடியும் பால் நீரில் கரைந்துவிடும். தோலில் பட்டால் கறையாகும். படிகாரம் கலந்த நீர் பாலை விரைவில் பிரிக்கும். ஓடும் நீர் சீப்பை அடியின்றி மறுபுறம் கொண்டு சேர்க்கும். நீர் அழுக்கானால் சீப்பின் அடிக்கொண்டை அழுகும். ஆகவே நீரை அடிக்கடி மாற்றுவது அவசியம்.

அடுத்து, பழுதான காய்களை நீக்கித் தரம் பிரித்து, மின்தராசில் நிறுக்க வேண்டும். விசிறிக் காற்றில் ஈரம் உலர்ந்த பின்பு, மெல்லிய பாலிதீன் உறையிட்ட பெட்டியில், அடிக்கொண்டை கீழாகவும் காயின் வளைவு மேலாகவும் இருக்குமாறு வரிசையாக அடுக்குவார்கள். வரிசைகளுக்கு இடையே உராய்வு தடுக்கும் தாள் இருக்கும். பின்னர் உறையிலுள்ள காற்றைச் சிறு உறிஞ்சு யந்திரத்தால் வெளியேற்றி வாயைக் கட்டுவார்கள். காற்றுக் குறைவதால் பழுப்பது தாமதமாகிறது.

நம் நாட்டு ஏற்றுமதியில் ஒரு பெட்டிக்கு 13 கிலோ அளவில் இடுவது வழக்கம். எடை கூடுதலாகத் திணித்தால், மேல் பெட்டியின் பாரத்தை அட்டைக்குப் பதிலாகக் காய் சுமக்கும். அட்டைப் பெட்டியின் வலிமை அதன் நான்கு மூலைகளில் உள்ளது. மூலைக்கு மூலை பொருந்த அடுக்க வேண்டும். ஈரத்தில் அட்டை தளரும். நமது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டிகளை மேடையின்மீது உலர வைத்துக் காப்பது யந்திரம் வாங்குவதைக் காட்டிலும் முக்கியமாகும்.

இறுதியாகக் குளிரூட்டல். வாழைக்கு ஏற்ற வெப்பநிலை 13 முதல் 14 டிகிரி செல்சியஸ். உருளைக்கிழங்கு வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் 4 டிகிரியில் வைத்தால் தோல் மங்கிக் கறுத்து, பின்னர் சரியாகப் பழுக்காது. பழுக்க வைப்பதற்கு எத்திலீன் வாயு அறை உண்டு. கார்பைடு கல்லை இதற்கு உபயோகிப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

கணக்குப் பார்ப்போம்

ஒரு தாரின் எடை 25 கிலோ எனக் கொள்வோம். தண்டு இரண்டரைக் கிலோவும் கழிவுக்காய் 3 கிலோவும் போக, 19½ கிலோ மிஞ்சும். அதாவது ஒன்றரைப் பெட்டி. ஒரு பெரிய குளிர்பதனக் கொள்கலனில் ஏறத்தாழ 20 டன் ஏற்றலாம். அதற்கு 1,540 பெட்டிகள் தேவை. ஏறக்குறைய 1,030 தார்கள்.

ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 மரங்கள் நிற்கும். "ஒரு ஏக்கர் போதுமே" என்று தோன்றும். ஆனால் ஒரே நாளில் எல்லாத் தாரும் முற்றுவதில்லை. ஒரு வெட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைப்பதாக வைத்தால் 200 தார்களே தேறும். ஆகவே, ஒரு கொள்கலன் நிறைய, ஒரே பருவத்தில் நட்ட ஐந்து ஏக்கருக்கு மேல் வேண்டும். அடுத்த வாரமும் கூடம் இயங்க வேண்டுமாயின் அடுத்த ஐந்து ஏக்கர் தயாராக நிற்க வேண்டும். சிறு விவசாயிகள் மிகுந்த நம் பகுதியில் இது தனியொருவரால் ஆவதன்று. எவர் எப்போது நடுவது என்று குழுவாகக் கூடித் தீர்மானித்தால்தான் ஆகும். அந்தத் தீர்மானம் இல்லாத கிராமத்தில் எந்த யந்திரமும் சும்மா கிடக்கும்.

எதை முதலில் வாங்குவது?

எனது அனுபவத்தில், கீழ்க்கண்ட வரிசை பொருத்தமானது.

1. தோள் மெத்தை, வளைகத்தி, காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடைகள். கும்பகோணம், திருச்சி மண்டிகளுக்குச் செல்லும் சரக்குக்கு இவையே போதும். கூடைகள் திரும்பத் திரும்ப உதவும்.
2. நிழற்கூரை, இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், மின்தராசு, நின்று வேலை செய்யும் உயரத்தில் மேசைகள்.
3. வெளியூர் வியாபாரியோடு ஒப்பந்தம் ஏற்பட்ட பின்பு, அட்டைப் பெட்டி, காற்று உறிஞ்சி, பெட்டிக்குப் பட்டை கட்டும் சிறு யந்திரம்.
4. வாரந்தோறும் சரக்கு தவறாமல் சேர்ந்த பின்பு, முன்குளிரூட்டும் அறை.
5. பெட்டியை மடித்து ஒட்டும் யந்திரமும் பெட்டிகளை நகர்த்தும் ஓடுபட்டையும் கடைசியில். நாளொன்றுக்குச் சில நூறு பெட்டிகளே ஆகும் இடத்தில் கையால் மடிப்பதே சிக்கனம்.

எல்லா இரகமும் பெட்டிக்கு ஏற்றதன்று என்பதையும் நினைவில் கொள்க. ரஸ்தாளிப் பழம் பழுத்ததும் சீப்பிலிருந்து உதிரும் இயல்புடையது. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் முழுத் தாராகவே விலைபோகும் பூவனை வீணே சீப்பாக அறுக்க வேண்டியதில்லை. இரகத்திற்கேற்ற முறையைத் திருச்சிராப்பள்ளியில் 1993-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் கேட்டறியலாம்.

பஞ்சாயத்தின் பங்கு

யந்திரம் வாங்குவது குழுவின் வேலை. அது இயங்க வழி செய்வது பஞ்சாயத்தின் வேலை. லாரி குலுங்காமல் வந்து செல்லச் சாலை வேண்டும். தூய நீரும் மும்முனை மின்சாரமும் வேண்டும். கழிவுநீர் வாய்க்காலில் கலவாதிருக்கவும், தண்டும் கழிவுக்காயும் உரக்குழிக்குச் செல்லவும் ஏற்பாடு வேண்டும். இவற்றைக் கிராம சபையில் முன்கூட்டியே பேசி முடிப்பது நன்று.

நிதி உதவிக்கும் வழிகள் உண்டு. 2020-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தொடங்கிய வேளாண் கட்டமைப்பு நிதித் திட்டத்தில், ரூ.2 கோடி வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை 7 ஆண்டுகள் வரை என வகுக்கப்பட்டது. திட்டங்களின் காலமும் விதிகளும் மாறக்கூடியவை. மனுச் செய்யுமுன் வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்க. மானியம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் எந்த யந்திரத்தையும் வாங்கலாகாது. மானியம் ஒருமுறை வரும். மின்கட்டணமும் தவணையும் மாதந்தோறும் வரும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் யந்திர வியாபாரி விலைப்பட்டியலோடு வந்தால், அங்கத்தினர்கள் அவரிடம் ஒரு சீப்பு வாழைக்காயைக் கொடுத்து, தம் யந்திரத்தில் இட்டுக் காட்டச் சொல்லட்டும். அந்தச் சீப்பை எடுத்து வந்து பழுக்க வைத்து, ஐந்தாறு நாள் கழித்துத் தோலைப் பாருங்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதா வேண்டாமா என்பதற்கு அந்தத் தோலே விடை சொல்லும்.